ஊர்ச்சொல்லுக்கு இடம் கொடுத்த அம்சவல்லி அம்மையார்

கழுவெளிக் கடலோர ஆய்வு நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நூலகராகவும் தகவல் அலுவலராகவும் பணியாற்றி, இன்று பணி நிறைவு பெறும் திருமதி அம்சவல்லி அம்மையார் அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் அனைவரும் ஒன்றுகூடி, அவையோர் முன்னிலையில் படித்து வழங்கும் மடல்.

உப்பு விளையும் ஊரில் ஒழுங்கை விளைவித்த உயர்ந்தவரே! சிதறிக் கிடந்த செய்திகளைச் சேர்த்துச் சீர்செய்து செப்பமாக்கிய செம்மையரே! கேட்பவர் யாரென்று பாராது கேள்வி என்னவென்று மட்டும் பார்த்த கண்ணியரே! பெரிய பதவிகள் வந்தபோதும் போனபோதும் அசையாமல், பெயர்களின் பக்கத்திலேயே நின்ற பெருந்தகையே! உங்களுக்கு எங்கள் வணக்கம்.

இந்த வரிகளுக்கே நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கியிருப்பீர்கள். உங்களை நேரே பார்த்துப் புகழ்ந்தால் உங்களுக்கு ஆகாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே உங்களுக்கு அல்ல, இங்கே வந்திருக்கும் உங்கள் உறவினருக்கும் விருந்தினருக்கும் நடந்ததைச் சொல்கிறோம். நீங்கள் அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருங்கள். பிழை இருந்தால் பிறகு திருத்தலாம். எப்படியும் திருத்தத்தான் போகிறீர்கள்.

அவையோரே! அம்சவல்லி அம்மையார் மரக்காணத்துக்கு மேற்கே, கடலின் இரைச்சல் எட்டாத ஒரு சிற்றூரில், நெல்லும் மணிலாக்கடலையும் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். அவர்கள் வீட்டில் மீன் சமைக்கும் வழக்கம் இல்லை. நூலக அறிவியல் படித்து முடித்து, உதவி நூலகராக இந்த நிலையத்தில் காலெடுத்து வைத்த நாளில், கீழ்த்தளத்து ஆய்வுக்கூடத்தின் மீன் வாடை தாங்காமல் எலுமிச்சை இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டே மாடிப்படி ஏறியவர் அவர். அந்த இலை இன்றைக்கும் அவருடைய கைப்பையில் இருக்கும்.

அப்போது நூலகம் என்று இருந்தது வரிசையாக நின்ற இரும்பு அலமாரிகள்தாம். ஒவ்வோர் அலமாரியும் ஒவ்வொரு விஞ்ஞானியின் பெயரில் இருந்தது. அவர் எழுதிய அறிக்கைகள் எல்லாம் அதற்குள். அவர் மாற்றலாகிப் போனால் சாவியும் சில வேளை அவரோடு போய்விடும். உப்பளத் தண்ணீர் கோடையில் ஏன் சிவக்கிறது என்று ஒருவர் வந்து கேட்டால், அதை ஆராய்ந்தவர் யார், எந்த ஆண்டு, எந்த அலமாரி என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவனுக்குத் தெரிந்துகொள்ள வழி இல்லை.

அம்மையார் முதலில் செய்த வேலை, அலமாரிகளின் பெயர்களை எடுத்ததுதான். யார் எழுதினார் என்பதை விட்டு, எதைப் பற்றி எழுதினார் என்று பிரித்தார். நீர், மண், வானிலை, உப்பு, உயிர், மனிதர் என்று முதல் அடுக்கு. உயிருக்குக் கீழே தாவரம், விலங்கு. விலங்குக்குக் கீழே மீன், பறவை, நண்டு இறால் வகைகள். மீனுக்குக் கீழே குடும்பம், பேரினம், சிற்றினம். மேலே இருப்பது பொதுவானது, கீழே போகப் போக நுட்பமானது. எந்த அறிக்கை வந்தாலும் அதற்கு இந்த அடுக்கில் ஓர் இடம் உண்டு, ஓர் இடம்தான் உண்டு.

அந்த ஓர் இடத்துக்குத்தான் சண்டை வந்தது. உப்பளத்து நீரில் வாழும் பொடி இறால் ஒன்றைப் பற்றி இரண்டு விஞ்ஞானிகள் சேர்ந்து அறிக்கை எழுதியிருந்தார்கள். ஒருவர் அது உயிர் என்றார், மற்றவர் அது உப்பு என்றார். அம்மையார் இருவரையும் உட்காரவைத்து, அறிக்கையை உயிரில் வைத்தார். பிறகு அகரவரிசை அட்டைப்பெட்டியை இழுத்து, ‘உப்பு’ என்ற தலைப்பின் கீழ் ஓர் அட்டையில் ‘உப்பளத்துப் பொடி இறால்: உயிர் பிரிவில் காண்க’ என்று எழுதிச் செருகினார்.

“பொருள் ஒரு எடத்துலதாங்க இருக்க முடியும். தேடி வர்றவங்க எந்தப் பக்கத்துலேர்ந்தும் வரலாம்” என்றார். இரண்டு பேரும் அந்த அட்டையைப் படித்துப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அதுவே அவர்கள் ஒத்துக்கொண்டதற்கு அடையாளம்.

அகரவரிசை வளர வளர அம்மையாருக்கு ஒரு குறை உறுத்தியது. அட்டைகளில் இருந்த சொற்கள் எல்லாம் படித்தவர்கள் எழுதிய சொற்கள். கரையில் அந்தச் சொற்களை யாரும் சொல்வதில்லை. ஆகவே வாரம் ஒருமுறை காலையில் மீன் அங்காடிக்குப் போய்வரத் தொடங்கினார். எலுமிச்சை இலையை ஒரு கையிலும் அட்டைக்கட்டை மறுகையிலும் வைத்துக்கொண்டு, கூடை கூடையாக நின்று, இது என்ன, அது என்ன என்று கேட்டு எழுதினார். மீன் விற்கும் மங்கம்மா ஒருநாள் அவரை விடவில்லை.

“திங்கவும் மாட்டே, வாங்கவும் மாட்டே. பேரு மட்டும் எதுக்கும்மா ஒனக்கு?”

“பேரு கெட்டுப் போவாதுங்க. நாளைக்கும் வச்சிக்கலாம்.”

மங்கம்மா சிரித்துவிட்டு, அன்றைக்கு மட்டும் ஒன்பது பெயர் சொன்னதாக அம்மையார் எங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படியே ஆண்டுகள் போயின. பிறகு நிலையத்துக்குக் கணினித் தரவுத்தளம் வந்தது. கூடவே, இன்று இந்த மேடையில் அமர்ந்திருக்கும் நம் இயக்குநர் முனைவர் கௌதமன் அவர்களும் வந்தார். அவர் கண்டிப்பானவர். அம்மையாரின் அடுக்குமுறையை அரைநாள் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார். பிறகு நன்றாயிருக்கிறது என்றார். ஊர்ப்பெயர் அட்டைகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்த வேணாம் மேடம். சயின்டிஃபிக் நேம் ஒண்ணு போதும்.”

“ஏன் சார்?”

“ஒரு பேருக்கு ரெண்டு மீன் வருது. ஒரு மீனுக்கு நாலு பேரு வருது. இது தகவல் இல்ல, குழப்பம்.”

அம்மையார் மெல்லப் பேசுகிறவர். அன்றும் மெல்லத்தான் பேசினார்.

“குழப்பம் கரையில இருக்குது சார். நாம எழுதாம விட்டுட்டா அது அங்கேர்ந்து போயிடுமா?”

இயக்குநர் அட்டைப்பெட்டியைத் தம் அறைக்கு எடுத்துப் போனார். மறுநாள் கூப்பிட்டு, “சரி, ஏத்துங்க. ஆனா எந்த ஊர்ல சொல்றாங்கன்னு இல்லாத ஒரு சொல்லும் உள்ள வரக்கூடாது. ஊர் இல்லாத அட்டையத் தூக்கிடுங்க” என்றார்.

கேட்கச் சின்ன நிபந்தனை. ஆனால் அம்மையாரின் பழைய அட்டைகளில் பாதிக்கு மேல் ஊர் இல்லை. அங்காடிக்கு எல்லாக் குப்பத்துப் பெண்களும் வருவார்கள்; யார் எந்த ஊர் என்று அவர் அப்போது கேட்டதில்லை. ஆகவே மறுபடியும் முதலிலிருந்து. ஒவ்வொரு குப்பமாகப் போய், மீன் படங்களைக் காட்டி, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க வேண்டியிருந்தது. இரண்டு கோடைகள் அதற்கே சரியாய்ப் போயின. மீன் மாதிரிகளைப் பாதுகாக்கும் எங்கள் உதவியாளர் கலையரசன்தான் அவரை வண்டியில் ஏற்றிப்போவார். “மனசுக்குள்ள சாரத் திட்டிக்கிட்டேதான் வர்றேன் கலையரசா” என்று அம்மையார் பின்னால் உட்கார்ந்து சொல்வாராம். இயக்குநர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். இது இன்று வரை அவருக்குத் தெரியாது.

சொன்னவர் இறந்துபோய், வேறு யாரும் சொல்லாமல் போன சொற்களும் சில இருந்தன. அந்த அட்டைகளை அம்மையார் தம் கையாலேயே எடுத்தார். எடுத்த நாளன்று மதியச் சாப்பாட்டைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இனி, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பங்குனி மாதத்தில் நடந்ததைச் சொல்கிறோம். உப்பு வாரும் காலம். பிற்பகல் வெயிலில் உப்பளங்களைப் பார்த்தால் கண் கூசும். நூலகத்தில் அம்மையாரும், ஏதோ ஒரு படத்தைத் தேடி வந்த கலையரசனும் மட்டும் இருந்தார்கள். தொலைபேசி அடித்தது.

“ஆய்வு நிலையமாங்க? நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து நர்ஸ் செந்தமிழ் பேசறேங்க. ஜெல்லிமீன் கடிக்கு நீங்க ஒரு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனீங்களே, அதுலேர்ந்து நம்பர் எடுத்தேன். கொழுக்கட்டைன்னு ஒரு மீன் இருக்குதுங்களா?”

நடந்தது இதுதான். ராஜ்கமல் என்று ஓர் இளைஞர். உள்நாட்டுக் கிராமத்திலிருந்து உப்பள வேலைக்கு வந்தவர். கை கால் துவண்டு, பேச்சுக் குழறி, மூச்சுத் திணறும் நிலையில் உடன் வேலை செய்கிறவர்கள் அவரை மருத்துவமனைக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். என்ன சாப்பிட்டார் என்று கேட்டதற்கு, “கொழுக்கட்டை” என்று யாரோ சொல்ல, சீட்டில் அப்படியே எழுதிவிட்டார்கள். மாவுப் பண்டம் சாப்பிட்டவருக்குக் கை கால் ஏன் விழ வேண்டும்? உப்பளத்து வரப்பில் பாம்பு நிறைய; கட்டுவிரியன் கடித்தால் கடிவாய்கூடத் தெரியாமல் இப்படித்தான் ஆகும். பணியில் இருந்த இளம் மருத்துவர் பாம்புக்கடி என்று நினைத்து விஷமுறிவு மருந்தை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். அப்படி நினைத்ததில் தவறு ஒன்றும் இல்லை.

செவிலியர் செந்தமிழ் கரையிலிருந்து தள்ளியிருக்கும் குயிலாப்பாளையத்துக்காரர். மீன் வகை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் செய்தி கேட்டு ஓடிவந்த நோயாளியின் மனைவியிடம், “வீட்டுல செஞ்ச கொழுக்கட்டையா, கடையில வாங்கினதா?” என்று கேட்டபோது, அந்தப் பெண், “கொழுக்கட்டைன்னா மீனுங்க” என்று சொல்லிவிட்டு அழுதிருக்கிறார். அதன் பிறகுதான் இந்த அழைப்பு.

அம்மையார் கணினியில் அந்தச் சொல்லை அடித்தார். இரண்டு வரிகள் வந்தன.

பெரிய முதலியார்சாவடிப் பக்கத்துக் குப்பங்களில் கொழுக்கட்டை என்றால் உழுவை மீன். சதைப்பற்றானது, பத்தியத்துக்கும் கொடுப்பார்கள். அனுமந்தைப் பக்கத்துக் குப்பங்களில் கொழுக்கட்டை என்றால் சின்னப் பேத்தை. தொட்டால் வயிற்றை ஊதி உருண்டையாகிவிடும் நச்சு மீன். வலையில் ஏறினால் தூக்கி எறிந்துவிடுவார்கள். விளையாட்டாக வைத்த பெயர்.

“அந்த மீனு எங்க கெடச்சுதுன்னு கேளுங்கம்மா” என்றார் அம்மையார்.

செவிலியர் கேட்டுவந்து சொன்னார்: “அனுமந்தைக் குப்பத்துக் கரையிலங்க. வலை பிரிச்சிட்டிருந்தாங்களாம். கீழ கெடந்தத எடுத்துக்கிட்டு என்ன மீனுன்னு கேட்டிருக்காரு. ஒரு பெரியவரு கொழுக்கட்டைன்னாராம்.”

“திங்கலாம்னு யார் சொன்னது?”

அந்தப் பக்கம் செவிலியர் யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு செவிலியரின் குரல் தாழ்ந்து வந்தது.

“அவங்க வீட்டம்மாதாங்க. போன் பண்ணி, கொழுக்கட்டை மீனு கெடச்சுதுன்னு இவரு சொன்னாராம். நல்ல மீனாச்சே, வறுத்துத் தின்னுன்னு இவங்க சொல்லியிருக்காங்க. அவங்களுக்குத் தாய்வீடு முதலியார்சாவடிப் பக்கம்.”

அம்மையார் கணினியில் இருந்த இரண்டு வரிகளையும் மறுபடி படித்ததாகக் கலையரசன் சொல்கிறார். நடந்தது அவருக்கு முழுவதும் விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியதைச் சொல்லலாமா என்பது வேறு. தாம் மருத்துவர் அல்லர். பேத்தை என்று சொல்லி, அது பாம்பாக இருந்துவிட்டால்? சொல்லாமல் விட்டு, அது பேத்தையாக இருந்துவிட்டால்? “லைன்லயே இருங்கம்மா” என்று சொல்லிவிட்டு, கலையரசனை அனுப்பி இயக்குநரை அழைத்துவரச் செய்தார். கௌதமன் அவர்கள் படிகளை இரண்டிரண்டாகத் தாவி வந்தார்.

“எந்தச் சிற்றினம்?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். பேத்தையில் நஞ்சு அதிகமுள்ளதும் உண்டு, குறைந்ததும் உண்டு.

“தெரியாது சார். மீன் இல்ல. வறுத்துத் தின்னுட்டாரு.”

“அப்ப ஒரு படி மேல போங்க. பேரினம்?”

“இந்தக் கரையில ரெண்டு இருக்குது சார். எதுன்னு சொல்ல முடியாது.”

“இன்னும் மேல போங்க. குடும்பம்.”

குடும்பத்தின் பெயரை அம்மையார் திறந்தார். கீழே உள்ள எல்லா இனத்துக்கும் பொதுவானது அங்கே இருந்தது. எந்த மீன் என்று சொல்ல முடியாதபோதும், எந்தக் குடும்பம் என்று சொல்ல முடிந்தால் போதும் என்ற நிலை. இந்தக் குடும்பத்து மீன் எதுவானாலும் நஞ்சென்றே கொள்ள வேண்டும். சமைத்தாலும் போகாது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப் போகும், பிறகு கை கால், கடைசியில் மூச்சுவிடும் தசைகள். மாற்று மருந்து இல்லை. ஆனால் மூச்சை விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தால், ஒரு நாள் அளவில் நஞ்சு தானே இறங்கிவிடும். மருத்துவ இதழ் ஒன்றில் வந்த அந்தக் கட்டுரையை, ஏதோ ஒரு சிற்றினத்தின் கீழ்ப் புதைக்காமல் குடும்பத்தின் கீழ் வைத்தவர் அம்மையார்தான்.

இயக்குநர் தொலைபேசியை வாங்கி மருத்துவரிடம் படித்துக் காட்டினார்.

“பாம்பு இல்லைன்னு சொல்றீங்களா?” என்று மருத்துவர் கேட்டார்.

“அத நான் சொல்ல முடியாது டாக்டர். உதடு மரத்துப் போச்சுன்னு ஆரம்பத்துல சொன்னாரான்னு மட்டும் கேளுங்க.”

கேட்டார்கள். சாப்பிட்டுச் சிறிது நேரத்திலேயே, உதடு மரத்த மாதிரி இருக்கிறது, வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டது போலிருக்கிறது என்று ராஜ்கமல் மனைவிக்கு மறுபடி போன் செய்திருக்கிறார். மருத்துவர் மேலே எதுவும் கேட்கவில்லை. “சரி சார், மூச்சைப் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைக்கப் போனார். அப்போதுதான் அம்மையார் குறுக்கே பேசினார். மற்றவர் பேச்சில் அவர் குறுக்கிட்டதை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

“சார், இன்னொண்ணு சொல்லுங்க. அவருக்கு நெனவு இருக்கும். கண்ணு தொறக்காது, கை அசையாது. ஆனா காது கேக்கும். கட்டுரையில போட்டிருக்குது. பக்கத்துல யாரும் செத்துட்டான்னு பேசிடப் போறாங்க.”

இயக்குநர் அதையும் சொன்னார்.

மருத்துவமனையில் பிறகு நடந்ததைச் செவிலியர் செந்தமிழ் சொல்லித்தான் அறிந்தோம். மூச்சுக்குழாயில் குழல் செருகி, கையால் அமுக்கும் காற்றுப்பையைக் கொண்டு மூச்சுக் கொடுத்தபடியே ராஜ்கமலைப் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். ஆம்புலன்ஸில் செந்தமிழும் மருத்துவரும் மாறி மாறி அமுக்கினார்கள். சத்யப்ரியா, அதாவது ராஜ்கமலின் மனைவி, கால்மாட்டில் கட்டை போல உட்கார்ந்திருந்தார். தாம் சொன்ன ஒரு சொல்லில்தான் இது வந்தது என்பது அவருக்குத் தெரியும்.

“அக்கா, அவருக்குக் கேக்குதாம். பேசுங்க” என்று செந்தமிழ் சொல்லியிருக்கிறார்.

முதலில் சத்யப்ரியாவுக்குப் பேச்சு வரவில்லை. கோட்டக்குப்பம் தாண்டியபோதுதான் வந்ததாம். “நான்தான்யா திங்கச் சொன்னேன். எங்க ஊர்ல அது நல்ல மீனுய்யா. எழுந்து வந்து என்னத் திட்டுய்யா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்று தொடங்கி, வீட்டுக் கதை, மாமியார் கதை, வாங்காமல் விட்ட மிக்ஸி கதை என்று மருத்துவமனை வாசல் வரைக்கும் நிறுத்தாமல் பேசினாராம்.

மறுநாள் மாலை ராஜ்கமலின் விரல் அசைந்தது. அதற்கு அடுத்த நாள் குழலை எடுத்தார்கள். கரகரத்த குரலில் அவர் மனைவியிடம் முதலில் சொன்னது, “எங்கம்மாவப் பத்தி நீ சொன்னதெல்லாம் கேட்டுச்சு” என்பதுதான்.

அவையோர் சிரிக்கிறீர்கள். நாங்களும் அன்று சிரித்தோம். நிலையத்தில் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வரவழைத்தார் இயக்குநர். ஊர் போடாத அட்டை வேண்டாம் என்று தாம் சொன்னதையும், குழப்பம் கரையில் இருக்கிறது என்று அம்மையார் சொன்னதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தவர் போல, “ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணியிருக்கோம் மேடம்” என்றார். அம்மையார் தலையை ஆட்டினார். இத்தோடு கதை முடிந்திருந்தால் இந்த மடலும் இங்கே முடிந்திருக்கும்.

சில நாள் கழித்து, கணவனும் மனைவியுமாக ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நன்றி சொல்ல வந்தார்கள். அம்மையார் அவர்களை உட்காரவைத்து, கணினியில் அந்த இரண்டு வரிகளையும் காட்டினார். சத்யப்ரியா எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தார். படித்து முடித்துக் கேட்டார்.

“ரெண்டு ஊருக்கும் ஒரே பேருன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுங்களாம்மா?”

“தெரியும்மா.”

“எத்தினி நாளா?”

“ரொம்ப நாளா.”

“அப்ப ஏம்மா எங்ககிட்ட வந்து சொல்லல?”

அதில் குற்றச்சாட்டு இல்லை. அந்தப் பெண்ணுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ராஜ்கமல் அவர் கையைப் பிடித்து, “சும்மா இரு” என்றார். அம்மையார், “கேக்கட்டுங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல” என்றார்.

அன்று மாலை அவர் வழக்கமான பேருந்தில் போகவில்லை. நூலகத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாருக்காக இத்தனை ஆண்டுகள் அடுக்கினோம் என்று அவருக்குள் ஓடியதாகப் பிறகு சொன்னார். விஞ்ஞானிக்கு வேண்டியது விஞ்ஞானிக்குக் கிடைத்தது. சொல்லைக் கொடுத்தவர்களுக்கு அந்தச் சொல் திரும்பிப் போகவே இல்லை.

மறுநாள் காலை இயக்குநர் அறைக்குப் போனார்.

“சார், எது எந்தக் குடும்பம்னு நம்ம அடுக்கு சொல்லுது. எது மனுஷன என்ன செய்யும்னு சொல்லல. பேத்தை மீனுல இருக்குது, ஜெல்லிமீன் வேற எடத்துல இருக்குது, கடல்பாம்பு இன்னொரு எடத்துல இருக்குது. கரையில இருக்கறவனுக்கு இது மூணும் ஒண்ணுதான சார்? மூணும் ஆளக் கொல்லும்.”

“அடுக்கையே மாத்தணும்னு சொல்றீங்களா?”

“மாத்த வேணாம். பக்கத்துல இன்னொண்ணு கட்டணும்.”

அப்படிப் பிறந்ததுதான் இன்று எல்லோரும் பயன்படுத்தும் இரண்டாவது பகுப்பு. கடித்தால், தொட்டால், தின்றால், காலில் குத்தினால், கண்ணில் பட்டால் என்று, மனிதருக்கு நேர்வதைக் கொண்டே பிரித்தது. உப்புநீர்த் தெறிப்பில் கண் எரியும் அளத் தொழிலாளி எந்தத் துறை அறிக்கையைப் படிப்பது என்று தேட வேண்டாம். ‘கண்’ என்று பார்த்தால் போதும். ஓய்வுக்கு மூன்றே ஆண்டுகள் இருக்கும்போது, பழைய அறிக்கைகள் அத்தனையையும் மீண்டும் ஒருமுறை படித்து இதைச் செய்தார்.

ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் வரும் சொற்களைத் தனியே எடுத்து, படங்களோடு பலகையாக்கி, மீன் இறக்கும் இடங்களில் நிறுத்தினார். பலகையைப் படிக்காதவர்களுக்காக, குப்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்குக் குரல் பதிவு அனுப்ப முடிவு செய்தார். யார் குரலில் என்ற கேள்வி வந்தது. அம்மையார் அனுமந்தைக் குப்பத்துக்குப் போய், அன்று பெயர் சொன்ன பெரியவரைத் தேடிக் கண்டுபிடித்தார். முருகையன் என்று பெயர். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அவர் கரைக்கு வருவதையே விட்டிருந்தார்.

“பேரு கேட்டான், சொன்னேன். திங்கலாமான்னு அவன் கேக்கலியேம்மா” என்றார் அவர்.

“ஒங்க மேல தப்பு இல்லீங்க. இப்ப நீங்களே சொல்லுங்க. ஊரே கேக்கட்டும்.”

முருகையன் பேசினார். “கொழுக்கட்டைன்னா எந்த ஊரு கொழுக்கட்டைன்னு கேளுங்கப்பா. எங்க ஊரு கொழுக்கட்டையத் தின்னா ஆளு காலி” என்று தொடங்கும் அந்தப் பதிவு ஒலிக்காத கைப்பேசி இந்தக் கரையில் இராது. அடுத்த வாரத்திலிருந்து அவர் மறுபடி வலை பிரிக்க வந்தார். அதன் பிறகு பேத்தை தின்று ஒருவர் மருத்துவமனைக்குப் போனதாக நாங்கள் கேள்விப்படவில்லை. அம்மையார் மட்டும், “கேள்விப்படலன்னுதான் எழுதணும், நடக்கலன்னு எழுதாதீங்க” என்று, சரிபார்க்க நாங்கள் காட்டிய இந்த ஒரு வரியை நேற்றே திருத்திவிட்டார்.

அம்மையாரே! இனி உங்களை நோக்கியே பேசுகிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுக்கத் தெரிந்தவர் பலர். அடுக்கியதை அடுத்தவர் கைக்கு எட்டும்படி வைத்தவர் நீங்கள்! கேள்விக்குப் பதில் இல்லையென்றால் இல்லையென்று சொல்லும் நேர்மையும், பிறகு அந்தப் பதிலைத் தேடி உழைக்கும் நிறைந்த நெஞ்சமும் வாய்த்தவர் நீங்கள்! உங்கள் மேசையில் நாங்கள் கேட்ட எந்த ஐயத்துக்கும் முகம் சுளித்ததில்லை. எங்கள் எழுத்தில் நீங்கள் திருத்தாமல் விட்ட பிழையும் இல்லை.

ஓய்வு நாளுக்கு உங்களுக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது, மோதிரம் வேண்டாம், சால்வை வேண்டாம் என்றீர்கள். நூலகத்துக்குள் வெளியார் ஒருவர் வர வேண்டுமானால் முன்வாயிலில் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை காட்டி, அலுவலக அனுமதி பெற்று, இரண்டு படிக்கட்டு ஏற வேண்டும். உப்பு வாரிவிட்டு ஈரக்காலோடு வருகிறவர் அங்கேயே தயங்கித் திரும்பிவிடுவார். “அறையக் கீழ மாத்தி, ரோட்டுப் பக்கம் ஒரு கதவு வைக்க முடியுமான்னு பாருங்க” என்றீர்கள்.

இயக்குநர் எழுதிக் கேட்டார், மேலிடம் அனுமதித்தது. சுவரை இடித்தாகிவிட்டது. அறை கீழே வந்துவிட்டது. சாலையைப் பார்த்த கதவுக்கு நேற்றுத்தான் வண்ணம் அடித்தோம். இன்னும் முழுதாகக் காயவில்லை, சேலை பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மடலை உங்கள் கையில் கொடுத்ததும் நீங்கள்தான் அதைத் திறந்து வைக்க வேண்டும்.

உடல் நோவின்றி, உள்ளம் சோர்வின்றி, கண்ணொளி குன்றாமல், காலையில் எழுந்ததும் கற்க ஒரு சொல்லும், மாலையில் பேசிக்களிக்க உறவும் சுற்றமும் குறையாமல், நூறாண்டும் அதற்கு மேலும் நீங்கள் நிறைவாய் வாழ வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம்.

எழுந்து வாருங்கள் அம்மா. கதவுக்கு வெளியே ஈரக்காலோடு ஆட்கள் வந்து நிற்கிறார்கள்.

என்றும் உங்கள் அன்பில்,
நிலையப் பணியாளர்கள் அனைவரும்,
கழுவெளிக் கடலோர ஆய்வு நிலையம்,
மரக்காணம்.